எட்டு ஜூலுக்கு மேல்

தென்னாப்பிரிக்காவில் ஒரு பொருள் துப்பாக்கியா இல்லையா என்ற கேள்விக்கு எண்ணில் ஒரு பதில் உண்டு: எட்டு ஜூல். எரியும் மருந்து ஒரு குண்டைக் குழல் வழியே உந்த வேண்டும். குழல்வாயைத் தாண்டும்போது அந்தக் குண்டின் ஆற்றல் எட்டு ஜூலுக்கு மேல் இருக்க வேண்டும். இருந்தால் அது துப்பாக்கி. எட்டு ஜூல் என்றால் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிலோ அரிசிப் பொட்டலம் சமையல் மேடையிலிருந்து தரையில் விழும்போது கிட்டத்தட்ட அவ்வளவு வரும். மாமனார் வைத்திருந்த .38 ரிவால்வரின் குண்டோ முந்நூறு ஜூலை ஒட்டி வரும். ஆகவே ரிவால்வரைப் பற்றி வீட்டில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. மற்ற சாமான்களில்தான் வந்தது வினை.

மாமனார் காலமான பிறகு, டர்பனில் இந்தியர்கள் நிறைய வாழும் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருந்த வீட்டை ஒழுங்குபடுத்த வேண்டியிருந்தது. உயிலை நிறைவேற்றும் பொறுப்பு என் கணவருக்கு. சட்டத்தைப் படித்துச் சொல்லும் பொறுப்பு எனக்கு. கல்யாணத்துக்கு முன்னால் பாளையங்கோட்டையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். எந்தச் சட்டத்தை எடுத்தாலும் முதலில் வரையறைப் பிரிவைப் படி, பாதி வழக்கு அங்கேயே முடிந்துவிடும் என்பார் அவர். அந்தப் பழக்கம் இந்து மகா சமுத்திரத்தைத் தாண்டியும் விடவில்லை.

இங்கே துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் என்பது 2000-ஆம் ஆண்டின் 60-ஆம் எண் சட்டம். 2004 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒன்பது மாகாணங்களுக்கும் அது ஒன்றேதான். ஹூஸ்டனில் இருக்கும் கணவரின் சித்தப்பா மகன், அமெரிக்காவில் மாநில எல்லையைத் தாண்டினால் சட்டமும் மாறிவிடும் என்று பெருமையா புகாரா என்று தெரியாத குரலில் சொல்வார். எங்களுக்கு அந்தத் தலைவலி இல்லை. வேறு தலைவலிகள் இருக்கின்றன.

பெட்டகத்தைத் திறந்தபோது ரிவால்வருக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. மேசை மேல் பழைய செய்தித்தாளை விரித்து அதைக் கவிழ்த்தோம். குட்டையாக, தட்டையான மூக்கோடு சில .38 தோட்டாக்கள். கறுத்துப்போன பித்தளையில், அடிப்பக்கம் விளிம்பு துருத்திக்கொண்டு, என் நடுவிரலைவிடச் சற்று நீளமாக ஒரு .303 ரைபிள் தோட்டா. சுட்டுத் தீர்ந்த வெற்றுக் கூடுகள் ஒரு கைப்பிடி. பழுப்பேறிய பிளாஸ்டிக் தட்டு ஒன்றில், சட்டைப் பொத்தானைவிடச் சிறியதாக வரிசை வரிசையாகப் பிரைமர்கள்; தோட்டாவின் அடியில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் மூடிகள். அப்புறம் ஒரு துணிப்பையில் ஈயக் குண்டுகள். தூக்கினால் கை வலிக்கும் கனம்.

அத்தை அந்த ஈயப் பையைப் பார்த்துத்தான் பயந்தார். “இதை முதலில் வெளியே கொண்டுபோ, பிள்ளைகள் இருக்கிற வீடு” என்றார். பிரைமர் தட்டை அவர் தையல் சாமான் என்று நினைத்து ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டார்.

சட்டம் இதை அப்படியே தலைகீழாகப் பார்க்கிறது. வெடிபொருட்களுக்கு (ammunition) அதில் உள்ள வரையறை ஒரே வரி: பிரைமர் அல்லது முழுத் தோட்டா. தோட்டா என்றால் கூடு, பிரைமர், மருந்து, குண்டு நான்கும் சேர்ந்த முழுப் பொருள். எனவே ஈயப் பை முழுவதும் சட்டத்தின் கண்ணில் வெறும் ஈயம். வெற்றுக் கூடுகள் வெறும் பித்தளை. தையல் சாமான் என்று ஓரம் கட்டப்பட்ட அந்தச் சின்னத் தகடுகள் ஒவ்வொன்றும் வெடிபொருள். யோசித்தால் இதில் நியாயம் இருக்கிறது. ஈயத்தை யாரும் வீட்டு அடுப்பிலேயே உருக்கி வார்த்துக்கொள்ளலாம். பிரைமரை அப்படிச் செய்ய முடியாது. எதைக் கைப்பற்றினால் துப்பாக்கி ஊமையாகுமோ அந்த இடத்தில் சட்டம் கை வைத்திருக்கிறது.

அந்த ஒற்றை .303 இன்னும் வில்லங்கமானது. எந்தத் துப்பாக்கிக்கு உரிமம் வைத்திருக்கிறோமோ, அதில் சுடக்கூடிய தோட்டாவை மட்டுமே வைத்திருக்கலாம் என்கிறது 90-ஆம் பிரிவு. மாமனாரிடம் .303 ரைபிள் இருந்ததே இல்லை. டொங்காட் பக்கம் கரும்புத் தோட்டத்தில் வேலை பார்த்த அவருடைய நண்பர் யாரோ எப்போதோ நினைவுப் பொருளாகக் கொடுத்திருக்கிறார். அந்த ஒரு தோட்டாவுக்கு அதிகபட்சத் தண்டனை பதினைந்து ஆண்டு. எந்த நீதிபதியும் அவ்வளவு கொடுக்கப் போவதில்லை என்றாலும், வரவேற்பறை அலமாரியில் அழகுக்காகத் தோட்டா நிற்க வைத்திருக்கும் வீடுகள் சாட்ஸ்வொர்த்தில் எத்தனை என்று நினைத்துப் பார்த்தேன்.

இதற்கெல்லாம் மேலாக ஒன்று தோட்டத்தில் இருந்தது. பின்கட்டில் அவரைப் பந்தலுக்கு நான்கு கால்கள். மூன்று, தண்ணீர்க் குழாய்த் துண்டு. நான்காவது இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கியின் குழல். கட்டையும் இல்லை, விசையும் இல்லை. இரண்டு குழல்கள் ஒட்டியபடி, கீழ்ப்பாதி மண்ணுக்குள், மேல்பாதி துருவும் அவரைக் கொடியுமாக நின்றது. தோட்டக்கார மனிதருக்கு அது இரும்பு. எனக்கும் பல வருடம் அது இரும்பாகத்தான் இருந்தது. அதில் துணிகூடக் காயப்போட்டிருக்கிறேன். ஆனால் துப்பாக்கிக்கான வரையறையின் கடைசி உட்பிரிவில் குழல், சட்டகம், ரிசீவர் (குழலும் விசையும் பொருந்தும் உடற்பகுதி) என்று தனித்தனியாகவே எழுதியிருக்கிறது. முழுத் துப்பாக்கி வேண்டியதில்லை. குழல் மட்டும் இருந்தாலே போதும், அது துப்பாக்கி, அதற்கு உரிமம் வேண்டும்.

தொன்மைப் பொருள் என்று சொல்லித் தப்பிக்கலாமே என்று கணவர் ஆசைப்பட்டார். அந்தக் கதவும் அடைத்திருந்தது. பழங்காலத் துப்பாக்கி என்று சட்டம் ஒதுக்கிவைத்தது குழல்வாய் வழியே மருந்தும் குண்டும் திணிக்கும் வகையைத்தான். எங்கள் பந்தல்கால் பின்பக்கம் மடக்கித் தோட்டா போடும் வகை. எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும் அதற்கு வயதுச் சலுகை கிடையாது.

ஐந்தாம் பிரிவை மட்டும் நான் சிரித்துக்கொண்டே படித்தேன். எவையெல்லாம் துப்பாக்கி அல்ல என்ற பட்டியல் அது. கட்டட வேலையில் கான்கிரீட்டுக்குள் ஆணி அடிக்கும் வெடிக்கருவி, கப்பலிலிருந்து கயிறு எறியும் கருவி, பாறை பிளக்கும் கருவி, இறைச்சிக்கூடத்தில் மாட்டின் நெற்றியில் வைக்கும் கருவி, மிருகங்களை மயக்கும் துப்பாக்கி, வண்ணக் குண்டு விளையாட்டுத் துப்பாக்கி, அவசர ஒளி வீசும் துப்பாக்கி, காற்றுத் துப்பாக்கி. நான்கைந்தின் பெயரிலேயே துப்பாக்கி இருக்கிறது, ஆனால் அவை துப்பாக்கி அல்ல. எங்கள் பந்தல்காலின் பெயரில் துப்பாக்கி இல்லை, ஆனால் அது துப்பாக்கி.

நாத்தனார் மகனுக்குப் பதினான்கு வயது. காற்றுத் துப்பாக்கி துப்பாக்கியே அல்ல என்ற செய்தி காதில் விழுந்ததும் அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். அவனிடம் 120-ஆம் பிரிவின் ஆறாவது உட்பிரிவைப் படித்துக் காட்டினேன். தகுந்த காரணம் இல்லாமல் இன்னொருவரை நோக்கி நீட்டுவது குற்றம். துப்பாக்கியானாலும் காற்றுத் துப்பாக்கியானாலும் ஒன்றுதான். உள்ளே குண்டு இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்ற கேள்வியே இல்லை. அதோடும் விடவில்லை. பார்ப்பவர் துப்பாக்கி என்று நம்பக்கூடிய எந்தப் பொருளை நீட்டினாலும் குற்றம். வைத்திருப்பதற்கு ஒரு அளவுகோல், நீட்டுவதற்கு வேறொன்று. முதலாவது கருவியைப் பார்க்கிறது. இரண்டாவது எதிரே நிற்பவரின் பயத்தைப் பார்க்கிறது. சட்டத்தை எழுதியவர்களில் யாரோ ஒருவர் துப்பாக்கி முனையில் நின்று பார்த்தவராக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

மாமனாருக்கு இந்தச் சட்டத்தின் மேல் தீராத கோபம். 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர் வாங்கியது ஆயுள் உரிமம். ஒருமுறை வாங்கினால் சாகும்வரை. புதிய சட்டம் வந்து, எல்லோரும் மறுபடி விண்ணப்பிக்க வேண்டும், தற்காப்புக்கான உரிமம் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும், முடிவதற்குத் தொண்ணூறு நாள் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும் என்றபோது, கொடுத்த வாக்கை அரசாங்கம் மீறிவிட்டது என்பது அவர் கட்சி. 2009-இல் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் பழைய உரிமங்கள் தற்காலிகமாகச் செல்லும் என்று இடைக்கால உத்தரவு போட்டபோது தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாராம். அதற்குள் அவர் புதிய உரிமத்துக்கு வரிசையில் நின்று வாங்கியும் விட்டார் என்பது தனிக் கதை. 2018 ஜூனில் அரசியல் சாசன நீதிமன்றம் எதிர்ப்பக்கம் பேசியது. துப்பாக்கி வைத்திருப்பது அடிப்படை உரிமை அல்ல, சட்டம் ஒழுங்குபடுத்தும் சலுகை. உரிமத்தைக் காலத்தில் புதுப்பிக்கச் சொல்வதில் தவறில்லை என்று. அன்று அவர் இரவுச் சாப்பாட்டைத் தொடவில்லை என்று அத்தை இன்றும் சொல்வார்.

எனக்கு நீதிமன்றம் சொன்னது சரியாகவே படுகிறது. அதை அவர் உயிரோடு இருக்கும்போது நான் சொன்னதில்லை.

அத்தை ரிவால்வரை விடக் கூடாது என்கிறார். 2021 ஜூலைக் கலவரத்தை அவர் மறக்கவில்லை. நாத்தனார் டர்பனை அடுத்த இன்னொரு இந்தியக் குடியிருப்பான பீனிக்ஸில் இருக்கிறார். கடைகள் எரிந்துகொண்டிருந்த அந்த வாரத்தில் தெருமுனைகளில் தடுப்புப் போட்டுக்கொண்டு ஆண்கள் விடிய விடியக் காவல் நின்றார்கள். போலீஸ் வரவில்லை. பீனிக்ஸில் மட்டும் 36 பேர் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலோர் கறுப்பின மக்கள். அந்தத் தடுப்புகளில் நின்றவர்கள் எல்லோரும் காவலுக்காக மட்டும் நிற்கவில்லை என்பது எங்கள் சமூகத்தில் பலர் வாய்விட்டுச் சொல்லாத விஷயம். அதே ஆண்டு மே மாதம்தான், தற்காப்பு என்ற காரணத்துக்கு உரிமமே கொடுப்பதில்லை என்று ஒரு திருத்த வரைவை அரசு கருத்துக் கேட்க வெளியிட்டிருந்தது. ஜூலைக்குப் பிறகு அந்த வரைவைப் பற்றி எங்கள் தெருவில் நிதானமாகப் பேச ஆளில்லை.

இப்போதைய 13-ஆம் பிரிவு தற்காப்புக்கு ஒரே ஒரு துப்பாக்கி என்கிறது. வேறு வழியில் தன்னைக் காத்துக்கொள்ள இயலாது என்று விண்ணப்பிப்பவர் காட்ட வேண்டும். அத்தையோ உரிமமும் வீடு போலப் பரம்பரையாக வரும் என்று நினைத்திருந்தார். வராது. மகனுக்கு வேண்டுமென்றால் மகனே புதிதாக விண்ணப்பிக்க வேண்டும்: பயிற்சி, எழுத்துத் தேர்வு, சுட்டுக் காட்டும் தேர்வு, தகுதிச் சான்றிதழ், அதன் பிறகுதான் உரிமம். பெட்டகம் தர நிர்ணய முத்திரையோடு சுவரிலோ தரையிலோ முடுக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வீட்டுக்கே ஆள் வருவார்கள்.

இதுவரை சொன்னது துப்பாக்கி. என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதற்குப் பக்கத்திலேயே இருக்கும் இன்னொரு சட்டம்: 2013-ஆம் ஆண்டின் ஆபத்தான ஆயுதங்கள் சட்டம். 2014 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. கதவிடுக்கில் மாமனாரின் தகப்பனார் காலத்துக் கரும்பு வெட்டும் கத்தி ஒன்று சாய்த்து வைத்திருக்கும். அகன்ற தகடு, முனையில் ஒரு கொக்கி, கைபட்டு வழவழத்த பிடி. 1860-இல் இந்திய ஒப்பந்தக் கூலிகளோடு முதல் கப்பல் வந்ததிலிருந்து இந்த மண்ணில் நம் ஆட்கள் கையில் இருந்த கருவி அதுதான். அது ஆயுதமா என்று பார்க்கப் போனேன்.

துப்பாக்கிச் சட்டம் போல இது எண்ணே சொல்லவில்லை. சட்டவிரோதமாகப் பயன்படுத்தினால் உயிரைப் பறிக்கவோ பலத்த காயம் உண்டாக்கவோ கூடிய எந்தப் பொருளும், துப்பாக்கி நீங்கலாக, ஆபத்தான ஆயுதம். அப்படிப் பார்த்தால் எங்கள் வீட்டு அம்மிக் குழவியும் ஆயுதம்தான். ஆனால் வைத்திருப்பது குற்றமில்லை. தவறாகப் பயன்படுத்த எண்ணியிருக்கிறார் என்று நியாயமான சந்தேகம் எழும் சூழ்நிலையில் வைத்திருந்தால்தான் குற்றம். அபராதம் அல்லது மூன்று ஆண்டு வரை சிறை. எந்த இடம், எந்த நேரம், ஆள் எப்படி நடந்துகொண்டார், பொருளை எப்படிப் பிடித்திருந்தார் என்பதையெல்லாம் பார்க்கச் சொல்கிறது. 1968-இன் பழைய சட்டத்தில், எனக்குக் கெட்ட எண்ணம் இல்லை என்று பிடிபட்டவர்தான் நிரூபிக்க வேண்டும். அந்தச் சுமையை இது இறக்கிவிட்டது.

ஊரில் சட்டம் அங்குலத்தில் பேசும். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த விதிகளில், ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகள் ஆயுதப் பட்டியலில் வரும். வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் செய்யப்பட்டவை வராது. திருநெல்வேலியில் அரிவாள் வழக்கு இல்லாத வாரம் ஏது? எங்கள் வக்கீல் ஒவ்வொரு முறையும் எழுந்து, கனம் நீதிபதி அவர்களே, இது வாழைத்தார் வெட்டும் விவசாயக் கருவி என்பார். நடு இரவில் பஸ் நிலையத்தில் எந்த வாழைத்தார் என்று அரசு வக்கீல் கேட்பார். ஹூஸ்டன்காரரும் அங்குலம்தான் சொன்னார்: டெக்சாஸில் ஐந்தரை அங்குலத்தைத் தாண்டிய கத்தியைப் பள்ளிக்கூடம், வழிபாட்டுத் தலம் போன்ற இடங்களுக்குக் கொண்டுபோகக் கூடாதாம். அதே மாநிலத்தில் 2021 செப்டம்பரிலிருந்து உரிமமே இல்லாமல் கைத்துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கலாம். இதைச் சொல்லிவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

அங்குலம் வேண்டாம், மனிதனைப் பார் என்று சொல்லும் இந்நாட்டு முறை கேட்க நன்றாக இருக்கிறது. குறிப்பாக நமக்கு. சமய, பண்பாட்டு நிகழ்வுகளில் பங்கேற்போருக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. கேடயமும் தடியும் ஏந்தி ஆடும் சூலு இன மக்களுக்கும், தைப்பூசத்தன்று கேட்டோ மேனரில் அலகு குத்தி வேல் ஏந்தி வரும் நமக்கும் அதே வரியில்தான் பாதுகாப்பு. ஆறடி வேலைக் காரின் மேல் கட்டிக்கொண்டு போன எங்கள் கோயில் பையன்களைச் சாலைச் சோதனையில் நிறுத்தி, நெற்றியில் திருநீற்றைப் பார்த்ததும் ஒரு காவலர் போகச் சொல்லிவிட்டார்.

எனக்கு அங்கேதான் உறுத்துகிறது. திருநீறு இல்லாத பையன் என்றால்? கரும்புக் கத்தியோடு வெருலம் சாலையோரம் நடக்கும் கிழவர் தொழிலாளியாகத் தெரிவார். அதே கத்தியோடு மாலையில் வீடு திரும்பும் இருபது வயதுக் கறுப்பினப் பையன் எப்படித் தெரிவான்? இடம், நேரம், நடத்தை என்று சட்டம் அளவுகளைக் கொடுத்திருந்தாலும், அளப்பது ஒரு காவலரின் கண். எட்டு ஜூலுக்கு ஆள் பார்க்கத் தெரியாது. நெல்லையில் அங்குலக் கணக்கைக் கேலி செய்து வளர்ந்தவள் நான். இங்கே வந்து அந்த அங்குலத்தின் அருமை கொஞ்சம் புரிகிறது.

பந்தல்காலையும் டின்னையும் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். நாங்களாகக் காரில் போட்டுக்கொண்டு கிளம்பவில்லை. வழியில் நிறுத்தினால் நாங்களும் உரிமம் இல்லாதவர்கள்தான். முதலில் வழக்கறிஞரைக் கேட்டு, அவர் வழியாகக் காவல் நிலையத்தின் துப்பாக்கி அதிகாரிக்குத் தகவல் சொல்லி, அவர்களே வந்து எடுத்துப்போனார்கள். தோண்டியெடுக்க வந்த இளம் காவலர் அவரைக்கொடியை அறுக்காமல் மெதுவாகப் பிரித்து வைத்தார். அத்தை அவருக்குப் பை நிறைய அவரைக்காய் கொடுத்தனுப்பினார். ஈயப் பை இன்னும் வீட்டில்தான் இருக்கிறது, மீன்பிடிக்கப் போகும் பக்கத்து வீட்டுக்காரர் தூண்டில் எடைக்கு வேண்டும் என்று சொல்லி வைத்திருக்கிறார்.

ரிவால்வர் ஒரு துப்பாக்கி வணிகரிடம் பாதுகாப்பில் இருக்கிறது. கணவர் இன்னும் முடிவெடுக்கவில்லை. விண்ணப்பிக்கச் சொல்லி அத்தை தினமும் ஒருமுறை நினைவூட்டுகிறார். படிவத்தை நிரப்பித் தருகிறேன், ஆனால் வீட்டில் துப்பாக்கி வேண்டாம் என்பதே என் கட்சி என்று இருவரிடமும் சொல்லிவிட்டேன். இதற்கிடையில் வைப்புக் கட்டணத்துக்கு மாதாமாதம் ரசீது வருகிறது. என் வாதத்தைவிட அந்த ரசீதுக்குத்தான் கணவர் அதிகம் காது கொடுக்கிறார்.